சாந்தோம்காரர்

நான் பிறந்து வளர்ந்தது சென்னை சாந்தோமில். புதிதாக யாரைப் பார்த்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுவேன். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். நியூ ஜெர்சிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிஸ்கட்டவேயில் சொந்த வீடு, ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, சிட்டிசன்ஷிப் எல்லாம் ஆயிற்று. ஆனாலும் "மெட்ராஸ்ல எங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். கடலை ஒட்டிய வெள்ளைக் கோவில், அதற்கடியில் தோமையாரின் கல்லறை. "அப்போஸ்தலரே வந்து தங்கின ஊர் சார் எங்களுது" என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் இந்தப் பக்கத்தில் குறைவு. அந்தப் பீற்றலால் நான் செய்த கேவலத்தைத்தான் எழுதப்போகிறேன். இதற்கு முன் மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டி எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். சர்ச்சைக் கோவில் என்றும் பாதிரியாரைச் சாமியார் என்றும் திருப்பலியைப் பூசை என்றும்தான் வீட்டில் சொல்வோம். எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு பத்து மணிப் பூசை முடிந்ததும் கீழே ஹாலில் காபியும் டோனட்டும் வைப்பார்கள். வெள்ளைக்காரப் பெரியவர்கள் ஒரு மேசை, பிலிப்பினோக்கள் ஒரு மேசை, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஒரு மேசை, நாங்கள் ஒரு மேசை. யாரும் ஏற்பாடு செய்ததில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத ஞாயிறன்று பங்குச் சாமியார் ஒருவரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "இவர் புதிது. குடும்பத்துக்கு வீடு தேடுகிறார். உங்கள் பேஸ்மென்ட் காலியாக இருப்பதாகச் சொன்னீர்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என் நிறம்தான், சொல்லப்போனால் நான் இன்னும் அரை மாற்றுக் குறைவு. தலை மழமழவென்று மொட்டை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு அடித்த மொட்டை என்று நான் நினைத்துக்கொண்டேன். சட்டையில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டில் ஒரு போர்த்துக்கீசியக் குடும்பப்பெயர் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து பழவேற்காடு வரை எங்கள் கடற்கரையில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சொன்ன பதில், பிள்ளைகளின் கூச்சலுக்கும் நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கும் நடுவில், என் காதில் "சான் தொமே" என்று விழுந்தது. அதுவும் மூக்கால், ஸ்டைலாக. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"சாந்தோமா? எந்த ஸ்ட்ரீட்டு?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். மன்னிக்கவும், எனக்கு அந்த மொழி வராது என்றார். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. வீட்டில் தமிழே பேசாத ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருந்தன. அவருடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. ஆங்கிலோ இந்தியருக்கு ஆங்கிலம் ஏன் தடுமாற வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. ஒருவரைச் சொந்தமாக்கிக்கொள்வது என்று மனசு முடிவு கட்டிவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

"வீடு கடலுக்குப் பக்கத்திலா?" என்றேன்.

"ஐந்து நிமிட நடை."

"பெரிய கோவிலுக்குத்தானே போவீர்கள்? இரண்டு கோபுரம் இருக்குமே."

"ஆமாம், இரண்டு கோபுரம். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கேதான்."

"மீன் மார்க்கெட்?"

"விடிவதற்கு முன்னாலேயே படகுகள் வந்துவிடும்" என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. "இங்கே வாங்குகிற மீனில் கடல் வாசனையே இல்லை."

"அதைத்தான் நானும் வந்த நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பலாப்பழம்?"

"எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலேயே பலாமரம் இருந்தது" என்றார். சாந்தோமில் பலாமரம் வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது என்றால் வசதியான குடும்பம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மெட்ராஸை விட்டு எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு, "ஊரை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது" என்றார். ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தாராம். இங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இன்னொரு ஊரில் உறவுக்காரர் வீட்டு ஹாலில் மூன்று பேரும் தங்கியிருக்கிறார்கள். எட்டு வயதில் ஒரு மகள். அவளை எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். அதற்கு இந்த டவுன்ஷிப்பில் முகவரி வேண்டும், கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் வேண்டும். செப்டம்பரில் வகுப்பு தொடங்க, இந்த மாதத்துக்குள் காட்ட வேண்டும்.

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் மகளுக்காக நானும் மேப்பை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து வாங்கிய வீடுதான் இது. அவர் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கவலையை விடுங்கள், சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து பாருங்கள். பேஸ்மென்ட்டுக்குத் தனி வாசல் இருக்கிறது. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். அப்படியே தோளில் கைபோட்டு எங்கள் மேசைக்கு இழுத்துப்போனேன். "நம்ம சாந்தோம்காரர்பா. டமில் மட்டும் வராது, ஆங்கிலோ இண்டியன் ஃபேமிலி" என்று அவர் சார்பில் நானே அறிமுகமும் செய்துவைத்தேன். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். யாரோ இன்னொரு டோனட் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டிலிருந்து நடந்து வந்திருந்தார்கள். அவர் மனைவி பூப்போட்ட துணியால் தலையைக் கட்டியிருந்தார். சிறுமியின் தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல்கள். அப்போதே எனக்குள் ஏதோ இடறியது. ஆனால் என் மனைவி வடை சுட்டு வைத்திருந்தாள், நானும் பேசிக்கொண்டே இருந்தேன். பேஸ்மென்ட்டைக் காட்டினேன். சிறுமி மூலையில் இருந்த சின்ன அறையைப் பார்த்ததும் அப்பாவின் கையை இழுத்து ஏதோ கேட்டாள். இது என் அறையா என்று கேட்கிறாள் என்று மொழி தெரியாமலே புரிந்தது.

மேலே வந்து உட்கார்ந்து வடை சாப்பிட்டோம். மூவரில் அவள்தான் தடையில்லாமல் ஆங்கிலம் பேசினாள். எனக்கு என் வியாதி வந்துவிட்டது. டேப்லெட்டில் மேப்பைத் திறந்து, சாந்தோம் ஹை ரோட்டுக்கு வந்து, "இதுதான் என் பழைய வீடு. உன் வீடு எங்கே, காட்டு பார்ப்போம்" என்று அவளிடம் கொடுத்தேன்.

அவள் கொஞ்ச நேரம் குழம்பிப்போய்ப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் படத்தைச் சுருக்கினாள். தெரு போயிற்று, சென்னை போயிற்று, இந்தியா உள்ளங்கை அளவுக்கு ஆயிற்று. ஒரு விரலால் பூமியைத் தள்ளினாள். அரபிக்கடல் நகர்ந்தது, ஆப்பிரிக்கா வந்தது, அதையும் தாண்டினாள். ஆப்பிரிக்காவின் அக்குள் மாதிரி இருக்கிற இடத்தில், வெறும் கடலில் நிறுத்தி, பெரிதாக்கிக்கொண்டே போனாள். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு புள்ளி. அப்புறம் ஒரு தீவு. அதன்மேல் எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன். சாவோ தொமே.

"இங்கேதான். இது எங்கள் நாடு" என்றாள்.

அவள் அப்பா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர் முகம் மாறவில்லை. நிறம் மாறவில்லை. அதே வெள்ளைச் சட்டை, அதே மொட்டைத் தலை. ஒரு வாரமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நம்ம ஆள் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் எனக்கு அவர் வேறு ஆளாகிவிட்டார். பக்கத்து வீட்டுக் குஜராத்தி என்ன சொல்வார், கோவிலில் நம் மேசை என்ன சொல்லும், பேஸ்மென்ட்டுக்கு யார் யார் வந்துபோவார்கள் என்றெல்லாம் வரிசையாக ஓடியது. ஆங்கிலோ இந்தியராக இருந்தபோது அவரைப் பற்றி இதில் ஒரு கேள்விகூட எனக்கு வரவில்லை. அவரிடம் எந்தக் குற்றமும் காணாமலே நான் பின்வாங்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது. கடையில், ஆஸ்பத்திரியில், ஏர்போர்ட்டில், எதிரே யார் இருந்தாலும் சிரித்த முகத்தை மாற்றாமல் அவர்களைப் பற்றியே தமிழில் பேசிக்கொள்வோம். வானிலையைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். அதில் நாங்கள் தேர்ந்தவர்கள்.

"என்னங்க, ஆப்பிரிக்காவாமே. நம்ம ஊருன்னு சொன்னீங்க" என்றாள், சிரித்துக்கொண்டே.

"நானே இப்பதான் பாக்கறேன்" என்றேன், நானும் சிரித்துக்கொண்டே.

"இப்ப என்ன பண்றது?"

"செக் பண்ணிட்டு சொல்றேன்னு சொல்லி அனுப்பிடலாம்."

"அதான் சரி. சாவி மட்டும் குடுத்துடாதீங்க."

சிறுமி சட்டென்று நிமிர்ந்தாள். "ஷாவ்" என்றாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்து மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் முகம் அப்படியே விரிந்தது. "ஆன்ட்டி சாவின்னு சொன்னாங்க. எங்க பாஷைலயும் அது ஷாவ்தான்" என்று சிறுமி எங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர்களுடைய மொழி போர்த்துக்கீசியம். சாவி என்பதும் ஜன்னல், மேசை, அலமாரி என்பதும் போர்த்துக்கீசியர்கள் எங்கள் கடற்கரையில் விட்டுப்போன சொற்கள் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. அவள் எழுந்து ஜன்னலைத் தொட்டாள், ஷனெலா என்றாள். என் மனைவி தன்னை மறந்து, "ஜன்னல்" என்றாள். சிறுமி கைதட்டினாள். மேசையைத் தொட்டாள், அலமாரியைத் தொட்டாள்.

பிறகு என் முன்னால் வந்து நின்று, உள்ளங்கையை விரித்துக் கையை நீட்டினாள். என் மனைவி பேசியதில் அவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். சாவியைக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

சாவி என் கையில்தான் இருந்தது. அதை நான் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். டவுன்ஷிப்பில் ஒரு பெர்மிட் விஷயம் கேட்க வேண்டும், திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அவள் தலைக்கு மேலாக அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்துவிட்டார். "நிச்சயமாக, நிச்சயமாக" என்றார். அவர் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்தார். என் மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை செய்தி அனுப்பினேன். என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவிலிருந்து திடீரென்று வருவதால் பேஸ்மென்ட் தேவைப்படுகிறது, மன்னிக்கவும். என் மனைவிக்கு அண்ணன் கிடையாது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. புரிகிறது, உங்கள் உபசரிப்புக்கு நன்றி, உங்கள் மைத்துனர் குடும்பம் நல்லபடியாக வந்துசேர நாங்கள் ஜெபித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். ஜெபித்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு நான் பத்து மணிப் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். காலை ஏழரைப் பூசைக்குப் போனேன். அதற்கு டோனட் கிடையாது, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு நாள் ஆற்றாமையில், "நீ சொன்னதாலதான் இப்படி ஆச்சு" என்று மனைவியிடம் வாய்விட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல போடாதீங்க. நான் சொன்னது தப்புதான், இல்லேங்கல. ஆனா சாவி உங்க கையிலதான் இருந்துச்சு."



இந்தச் சமயத்தில்தான் அந்த நாட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஆபீஸில் மீட்டிங் நடக்கும்போது இன்னொரு ஜன்னலில் அதைத் திறந்து வைத்துக்கொள்வேன். யாராவது வந்தால் மூடிவிடுவேன், என்னமோ கண்றாவியைப் பார்ப்பதுபோல. இரண்டு தீவுகள் சேர்ந்த நாடு. பூமத்திய ரேகை தெற்கே ஒரு குட்டித் தீவின்மேல் போகிறது. காட்டுக்கு நடுவில் ஒற்றைக் கல், ஊசி மாதிரி, மேகத்துக்குள் நிற்கிறது. கப்பலில் போன போர்த்துக்கீசியர்கள் தோமையார் திருநாளில் பார்த்ததால் தீவுக்கு அவர் பெயரை வைத்தார்களாம். எங்கள் கடற்கரைக்கும் அதே பெயர், அதே புனிதர், அதே நாட்டுக் கப்பல்காரர்கள். நான் காதில் தவறாக வாங்கவில்லை. அவர் சொன்னது சாந்தோம்தான். இரண்டு சாந்தோம் இருப்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கோகோ தோட்டங்களைப் பற்றிப் படித்தேன். வேறு நாடுகளிலிருந்து ஆட்களை ஒப்பந்தம் என்று சொல்லிக் கப்பலில் ஏற்றிவந்து, திரும்பிப் போக விடாமல் வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். கங்காணி என்ற சொல் மட்டும்தான் அதில் இல்லை. மற்றபடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்களின் கதையேதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அந்த ஊரில் "லெவே லெவே" என்பார்களாம். மெதுவாக, மெதுவாக, ஏதோ போகிறது என்று அர்த்தம். மீனையும் கீரையையும் பனை எண்ணெயில் சேர்த்து வைக்கிற ஒரு குழம்பின் செய்முறையை முழுக்கப் படித்தேன். ஒரு குடும்பத்தை வீட்டுக்குள் விடாதவன், அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும் என்று படித்துக்கொண்டிருந்தேன். இதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

மகள் அந்தக் கோடையில் கலிபோர்னியாவில், சான் ரமோனில் இன்டர்ன்ஷிப்பில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் வருவாள். ஒரு வாரம், பேஸ்மென்ட்டுக்கு ஆள் வந்தாச்சா என்று கேட்டாள். எனக்கு எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும்போல இருந்ததால், சிரிப்புக் கதையாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பலாமரம் வரைக்கும் சிரித்தாள். மேப்புக்கு வந்ததும் சிரிக்கவில்லை. அண்ணன் கதையும் சொன்னேன். நான் தமிழில் சொல்வதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும்தான் எங்கள் வழக்கம்.

"அப்பா, வென் டிட் ஹீ பிகம் பிளாக்?" என்றாள்.

எப்போது அவர் கறுப்பரானார் என்று கேட்கிறாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. நெட்வொர்க் சரியில்லை, கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. ஏதோ ஒரு பாடத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் அம்மாவின் போனில்தான் வந்தாள்.

ஆகஸ்டில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நின்றபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். கூண்டுக்குள் போனதும், "பொய் சொன்னேன், சாமி" என்று மட்டும் சொன்னேன். என்ன பொய், யாரிடம் என்று சாமியார் கேட்கவில்லை. பரிகாரமாக மூன்று முறை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் குறையவில்லை. குறைந்திருந்தால்தான் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

பேஸ்மென்ட்டை யாருக்கும் விடவில்லை. விட்டால் அண்ணன் கதை அம்பலமாகும் என்பது ஒரு காரணம். அதைவிட, அந்த மூலை அறையை இன்னொருவருக்குத் திறந்து காட்ட எனக்கு மனசு வரவில்லை. நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வாக்கியங்களைத் தயார்செய்துகொண்டே இருந்தேன். எனக்கு மைத்துனர் கிடையாது. நான் உங்களிடம் பொய் சொன்னேன். நீங்கள் ஆப்பிரிக்கர் என்று தெரிந்ததும் நான் மாறிவிட்டேன். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள். காரில் போகும்போது உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். போன் எடுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. செப்டம்பர் வந்து, மஞ்சள் பஸ்கள் எங்கள் தெருவில் ஓட ஆரம்பித்தன.

அக்டோபரில் கோவிலில் எல்லா நாட்டவருக்கும் ஒரு பொது விழா வைத்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்காரரும் கொடியும் சாப்பாடும் கொண்டுவர வேண்டும். மனைவி எலுமிச்சை சாதம் செய்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு பத்து மணிப் பூசைக்குப் போகாமல் தப்ப முடியவில்லை. பூசைக்கு முன்னால் கொடிகள் ஊர்வலமாக வந்தன. பச்சை, மஞ்சள், பச்சை, ஓரத்தில் சிவப்பு முக்கோணம், நடுவில் இரண்டு கறுப்பு நட்சத்திரம். அதைச் சிறுமி பிடித்துக்கொண்டு வந்தாள். வளர்ந்திருந்தாள்.

"இது எந்தக் கன்ட்ரிங்க?" என்று எங்கள் பெஞ்சில் ஒருவர் கேட்டார்.

"சாவோ தொமே. வெஸ்ட் ஆப்பிரிக்கா பக்கம், ரெண்டு ஐலண்ட்" என்றேன். அதோடு நிறுத்தினேனா என்றால் இல்லை. அந்த இரண்டு நட்சத்திரம் இரண்டு தீவு, மஞ்சளில் கோகோ விளைகிற மண் என்று விளக்கிக்கொண்டே போனேன். "எவ்ளோ விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்றார் அவர். மனைவி முன்னால் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலில் அவரே என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும். நான் செய்முறை படித்த அதே குழம்பு. என்னிடம் நீட்டினார். தனியாக ஒரு நிமிடம் பேசலாமா என்றார். கோட் மாட்டுகிற ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். கேட்கப்போகிறார், கேட்டதும் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

"வீடு கிடைத்ததா?" என்று நானே ஆரம்பித்தேன்.

"கிடைத்தது, வேறு டவுனில். ஒரு அறைதான். மகளை அங்கேயே சேர்த்துவிட்டோம். அங்கே வகுப்பில் கூட்டம் அதிகம். என் மனைவி வேலை முடிந்து இரண்டு பஸ் பிடித்து வருவதற்குள் ஏழு மணி ஆகிவிடும், அதுவரை அவள் பள்ளியிலேயே இருக்கிறாள். பழகிவிடும்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து என் மனசில் கிடக்கிறது. நீங்கள் மெட்ராஸ் என்று கேட்டீர்களே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஊரில் பூகோளம் நடத்தினவன். மெட்ராஸ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தீவின் புனிதர் இந்தியாவில், மெட்ராஸில் அடக்கமாகியிருக்கிறார் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் என்னை உங்கள் ஊர்க்காரன் என்று நினைத்துவிட்டீர்கள். நான் உடனே திருத்தியிருக்க வேண்டும்."

நான் வாங்கியிருந்த தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"இந்த ஹாலுக்கு அதற்கு முன் நான்கு ஞாயிறு வந்திருந்தேன். யாரும் அப்படி என் கையைப் பிடித்ததில்லை. மகளுக்குப் பள்ளி வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். போன் செய்து சொல்லுங்கள் என்று என் மனைவி அந்த வாரம் முழுக்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை. கடைசியில் என் மகள் விரலால் உங்களுக்குத் தெரியும்படி ஆகிவிட்டது. உங்கள் மனைவி முன்னால், உங்கள் வீட்டிலேயே உங்களைச் சங்கடப்படுத்திவிட்டேன். நான் செய்தது நேர்மை இல்லை. என்னை மன்னிக்க வேண்டும்."

நான்கு மாதமாகத் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் என் வாயில்தான் இருந்தன. ஒன்றைச் சொன்னால் போதும், மற்றவை தானாக வந்திருக்கும். அவர் காத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை இருந்தது.

"அதெல்லாம் பரவாயில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி என்றார். மைத்துனர் குடும்பம் சௌக்கியமா என்று விசாரித்தார். சௌக்கியம் என்றேன். பிறகு அவர் ஹாலின் மறுபக்கம் இருந்த தன் மனைவியிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைத் தேடிப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்துத் தலைசாய்த்தார். நான் மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருப்பார்.